ஜெட்ல குளிர்ந்தா மட்டும் கோடு மெலியாது: குளிர்ந்த மாலிக்யூலோட ஸ்பெக்ட்ரம் எடுக்குற வழி

முதல்லயே ஒரு விஷயத்த சொல்லிடறேன், இது புரியாம இறங்குனா மாசக்கணக்குல அலைய வேண்டி வரும். கேஸ் ஜெட்ல மாலிக்யூல குளிர வைக்கிறது ஒரு வேலை, ஸ்பெக்ட்ரத்துல (மாலிக்யூல் எந்தெந்த நிறத்த உறிஞ்சுதுன்னு காட்டுற வரைபடத்துல) கோட்ட மெலிசாக்குறது இன்னொரு வேலை. ரெண்டும் ஒரே சேம்பருக்குள்ள நடக்குது, அதனால ஒண்ண செஞ்சா இன்னொண்ணு தானா வந்துடும்னு தோணும், ஆனா வராது. குளிர் கோடுகளோட எண்ணிக்கைய குறைக்கும், ஒவ்வொரு கோட்டோட அகலத்த குறைக்கிறது நீங்க ஜெட்ட எப்படி வெட்டி எடுக்குறீங்க, லேசர எந்த கோணத்துல விடுறீங்கங்கறதுதான். இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

குளிர் எங்கேருந்து வருதுன்னா, ஒரு பக்கம் 1 பார் அழுத்தத்துல கேஸ், மறுபக்கம் வேக்யூம், நடுவுல ஊசி குத்துன மாதிரி ஒரு ஓட்டை. ஓட்டை வழியா பாயறப்போ மாலிக்யூல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டே வருது, மோதி மோதி கண்டபடி அலைஞ்ச வேகமெல்லாம் ஒரே திசைல ஓடுற வேகமா மாறிடுது. கூட்டமே ஒரே வேகத்துல ஒரே பக்கம் ஓடுனா பக்கத்துல ஓடுறவன் நமக்கு நிக்கிற மாதிரிதானே தெரிவான், அதுதான் இங்க குளிர்ங்கறது. வேகம் குறையல, ஒருத்தருக்கு ஒருத்தர் வேகத்துல இருக்குற வித்தியாசம்தான் குறையுது. இப்படி சூப்பர்சோனிக் நாசில (அந்த ஓட்டை இருக்குற முனைய) வச்சு மாலிக்யூல் பீம் பண்ணலாம்னு 1951லயே கான்ட்ரோவிட்ஸும் கிரேயும் எழுதிட்டாங்க, ஆனா லேசரோட சேத்து இதோட முழு பலத்த காட்டுனது சிகாகோ பல்கலைக்கழகத்துல ஸ்மாலி, வார்ட்டன், லெவி மூணு பேரும். 1975ல அவங்க நைட்ரஜன் டை ஆக்சைடோட ஸ்பெக்ட்ரத்த ஜெட்ல எடுத்தாங்க, அறை வெப்பத்துல முள்ளுக்காடு மாதிரி கிடந்த ஸ்பெக்ட்ரம் அங்க தனித்தனி கோடா பிரிஞ்சு வந்துச்சு. அதே ஸ்மாலிதான் பின்னாடி கார்பன் 60க்காக 1996ல நோபல் வாங்குனவர், அந்த கார்பன் பந்து சிக்குனதும் இதே மாதிரி ஒரு ஜெட் மெஷின்லதான்.

பழகறதுக்கு அயோடின் எடுத்துக்கோங்க. கண்ணுக்கு தெரியுற வெளிச்சத்துலயே உறிஞ்சும், நல்லா ஒளிரும், இயற்கைல ஒரே ஐசோடோப்புதான், கிரிஸ்டல் மேல ஆர்கான ஓட விட்டாலே அறை வெப்பத்துல போதுமான ஆவி கலந்து வரும், ஏறக்குறைய 0.4 மில்லிபார். அதாவது 1 பார் ஆர்கான்ல பத்தாயிரத்துல நாலு பங்கு, அது தாராளம். 300 கெல்வின்ல அயோடினோட சுழற்சி நிலைகள்ல ஜே (சுழற்சி எண்) 52 பக்கம்தான் கூட்டம் அதிகம், அதுக்கு ரெண்டு பக்கமும் சேத்து நூத்துக்கும் மேல நிலைகள் நிரம்பி கிடக்கும். 5 கெல்வினுக்கு இறக்குனா கூட்டம் ஜே 6க்கு வந்துடும். ஸ்பெக்ட்ரம் காலியாகுதுன்னு சொல்றது இததான்.

இதுல ஒரு பொறி இருக்கு. 633 நானோமீட்டர் ஹீலியம் நியான் லேசர் அயோடின் கோடு மேல விழும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால "இருக்குற சின்ன லேசர வச்சே ஜெட்ல பாத்துடலாமே"ன்னு சிலர் நினைப்பாங்க. அந்த கோடு அதிர்வு நிலை எண் 5, சுழற்சி எண் 127ல இருந்து கிளம்புற கோடு. ஜெட்ல அந்த ரெண்டு நிலையும் காலி, தலைகீழா நின்னாலும் சிக்னல் வராது. ஜெட்டுக்குன்னு கோடு தேர்ந்தெடுக்கறப்போ அதிர்வு 0, சின்ன ஜே, இந்த ரெண்டும் இருக்கான்னு பாருங்க. அயோடினுக்கு 570 நானோமீட்டர் பக்கம் போனா அதிர்வு 0ல இருந்து கிளம்புற நல்ல பேண்டுகள் (கோட்டு கூட்டங்கள்) கிடைக்கும்.

இப்ப நாசிலும் பம்ப்பும். இங்க ஆசைப்படக்கூடாது, கணக்கு போடணும். 0.1 மில்லிமீட்டர் ஓட்டை, 1 பார் ஆர்கான் வச்சா கேஸ் ஓட்டம் நொடிக்கு ஏறக்குறைய 1.4 மில்லிபார் லிட்டர் வரும், நொடிக்கு 1000 லிட்டர் இழுக்குற பம்ப் இருந்தா சேம்பர்ல 0.0014 மில்லிபார்ல நிக்கும், நல்ல நிலைமை. ஓட்டைய 0.5 ஆக்கி அழுத்தத்த 3 பார் ஆக்குனா என்ன ஆகும்? விட்டம் 5 மடங்குன்னா பரப்பு 25 மடங்கு, அழுத்தம் 3 மடங்கு, மொத்தம் 75 மடங்கு கேஸ். எந்த டர்போ பம்ப்பும் தாங்காது. அப்படி பெரிய ஓட்டை வேணும்னா பல்ஸ் வால்வுதான் வழி, 200 மைக்ரோசெகண்ட் திறந்து நொடிக்கு 10 தடவைன்னா வால்வு திறந்திருக்குற நேரமே ஆயிரத்துல ரெண்டு பங்குதான், அதே பம்ப் நிம்மதியா ஓடும். ஆனா கோட்ட பத்து மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு மெலிசா பாக்கணும்னா விடாம எரியுற லேசர்தான் வேணும், அதுக்கு விடாம பாயற ஜெட் ஜோடி சரியா இருக்கும், அதனால பழகற வரைக்கும் 0.1 மில்லிமீட்டர் ஓட்டையே போதும்.

எந்த கேஸ்ல கலக்கறதுன்னும் யோசிக்கணும். ஆர்கான் நொடிக்கு சுமார் 560 மீட்டர் வேகத்துல பாயும், நியான் 790, ஹீலியம் 1770 பக்கம். கனமான அயோடின ஹீலியத்துல கலந்தா அது ஹீலியத்தோட வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாம பின்தங்கும், குளிர்றதும் குறையும். ஆர்கான்ல நல்லா குளிரும், ஆனா அழுத்தத்த ரொம்ப ஏத்துனா ஆர்கான் அணு அயோடின் மேல ஒட்டிக்கிட்டு கொத்தா போக ஆரம்பிக்கும், ஸ்பெக்ட்ரத்துல உங்களுக்கு சம்பந்தமே இல்லாத புது பேண்ட் முளைக்கும். அழுத்தத்த பாதியா குறைச்சு பாருங்க, அது மத்த கோடுகள விட வேகமா சுருங்குனா கொத்துதான்.

அடுத்தது ஸ்கிம்மர், அதாவது ஜெட்டோட நடுப்பகுதிய மட்டும் உள்ள விடுற ஓட்டை போட்ட கூம்பு, இதுக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கணும்.

ஜெட் ஓட்டைய விட்டு வெளிய வந்ததும் விசிறி மாதிரி விரியுது. ஒவ்வொரு இடத்துலயும் பக்கத்து மாலிக்யூலோட ஒப்பிட்டா 2 கெல்வின்தான், ஆனா விசிறியோட இடது ஓரத்துல இருக்குறது இடது பக்கமா ஓடுது, வலது ஓரத்துல இருக்குறது வலது பக்கமா ஓடுது. குறுக்க போற லேசருக்கு ஒண்ணு கிட்ட வருது, இன்னொண்ணு தள்ளி போகுது. ரெண்டு பக்கமும் 30 டிகிரி வரைக்கும் விரிஞ்ச ஜெட்ட அப்படியே பாத்தா பக்கவாட்டு வேகம் இந்த பக்கம் 280, அந்த பக்கம் 280, மொத்தம் நொடிக்கு 560 மீட்டர் வித்தியாசம். 574 நானோமீட்டர்ல அது ஏறக்குறைய 1 ஜிகாஹெர்ட்ஸ் அகலம். சாதாரண கண்ணாடி செல்லுல அறை வெப்பத்துல கிடக்குற அயோடினோட டாப்ளர் அகலமே (மாலிக்யூல் ஓடுறதால கோடு தடிக்கிற அளவு) 400 மெகாஹெர்ட்ஸ்தான்! அதாவது 2 கெல்வின் ஜெட்ல அறை வெப்பத்த விட ரெண்டரை மடங்கு தடிச்ச கோடு. முதல் தடவ இந்த கணக்க போட்டு பாத்தப்போ நான் மூணு தடவ திரும்ப போட்டேன், அதே விடைதான் வந்துச்சு. கனமான மாலிக்யூல லேசான கேஸ் இழுத்துக்கிட்டு ஓடுறதால வர்ற வினை இது.

வழி என்னன்னா விசிறியோட நடு ஈர்க்க மட்டும் வெட்டி எடுக்குறது. நாசிலுக்கு 20 மில்லிமீட்டர் தள்ளி கூம்பு வடிவ ஸ்கிம்மர், வாய் 0.5 மில்லிமீட்டர், அதுக்கு பின்னாடி தனி பம்ப் போட்ட இன்னொரு சேம்பர், அங்க நாசில்ல இருந்து 100 மில்லிமீட்டர்ல 1 மில்லிமீட்டர் பிளவு. இப்போ விரியுற கோணம் மொத்தமே 10 மில்லிரேடியன், பக்கவாட்டு வேகம் நொடிக்கு 5.6 மீட்டர், அகலம் சுமார் 10 மெகாஹெர்ட்ஸ். 1 ஜிகாஹெர்ட்ஸ் எங்க 10 மெகாஹெர்ட்ஸ் எங்க, லேசர தொடவே இல்ல, வெறும் ரெண்டு ஓட்டைதான் இந்த வேலைய செஞ்சது.

ஸ்கிம்மர எங்க வைக்கிறதுங்கறதுக்கு ஒரு எல்லை இருக்கு. ஜெட் கொஞ்ச தூரம் போனதும் சேம்பர்ல மிச்சம் இருக்குற கேஸோட மோதி ஒரு அதிர்ச்சி சுவர் நிக்கும், மேக் டிஸ்க்னு சொல்வாங்க, அத தாண்டுனா குளிர் போச்சு. அதோட தூரம் ஓட்டை விட்டத்த 0.67ஆல பெருக்கி, உள் அழுத்தத்த சேம்பர் அழுத்தத்தால வகுத்து வர்றதோட வர்க்கமூலத்தாலயும் பெருக்குனா வரும். நம்ம எண்ண போட்டா 57 மில்லிமீட்டர். ஸ்கிம்மர் 20ல இருக்கு, பத்திரம். ரொம்ப கிட்ட கொண்டு போனாலும் தப்பு, ஸ்கிம்மர்ல பட்டு திரும்புற கேஸே வர்ற பீம கெடுக்கும். அதனால நாசில முன்ன பின்ன நகத்துற மாதிரி ஸ்டேஜ் மேல வச்சு, சிக்னல பாத்துக்கிட்டே இடத்த தேடுங்க.

ஸ்கிம்மரோட வாய் ஓரம் பிளேடு மாதிரி இருக்கணும், விரல் படக்கூடாது, துணியால துடைக்கக்கூடாது. மாட்டுறதுக்கு முன்னாடி மைக்ராஸ்கோப்ல கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு சுத்தி பாருங்க. எங்க செட்டப்ல ஒரு தடவ கோடு 10க்கு பதில் 35 மெகாஹெர்ட்ஸ் காட்டிக்கிட்டே இருந்துச்சு, லேசர் நடுங்குதுன்னு நினைச்சு ரெண்டு வாரம் லேசரோட லாக்க நோண்டிக்கிட்டு கிடந்தோம், கடைசில ஸ்கிம்மர கழட்டி பாத்தா வாய் ஓரத்துல ஒரு பக்கம் தலைமுடி தடிமன்ல ஒரு சின்ன மடிப்பு, நாசில மாத்தறப்போ யாரோ ஸ்பேனரால இடிச்சிருக்காங்க. அதுல பட்டு சிதறுன கேஸ் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சிறகு மாதிரி விரிஞ்சு நின்னுச்சு. புது ஸ்கிம்மர் போட்டதும் அன்னைக்கு சாயங்காலமே சரியாயிடுச்சு. அப்போலேருந்து நாசில கழட்டுனா ஸ்கிம்மர் மேல மூடி போடாம ஸ்பேனர எடுக்குறதே இல்ல.

நேர் பிடிக்க, பின்பக்க ஜன்னல் வழியா சின்ன டையோட் லேசர விட்டு பிளவு, ஸ்கிம்மர், நாசில் ஓட்டை மூணு வழியாவும் வெளிச்சம் போற மாதிரி பண்ணிக்கோங்க. இத வேக்யூம் இல்லாதப்போ செஞ்சுட்டு, வேக்யூம் போட்டதும் மறுபடி பாக்கணும், சேம்பர் சுவர் அழுந்தி கொஞ்சம் நகந்திருக்கும்.

இனி லேசர் குறுக்க போற கோணம். சரியா 90 டிகிரி இல்லாம 1 டிகிரி சாஞ்சா ஆர்கான் ஜெட்ல கோடு 17 மெகாஹெர்ட்ஸ் நகந்து போகும், ஹீலியம்னா 50க்கு மேல. கோடு மெலிசாதான் இருக்கும், ஆனா இடம் தப்பு, அதனால பாத்தா தெரியவே தெரியாது, அதுதான் ஆபத்து. இதுக்கு அழகான ஒரு சோதனை இருக்கு. லேசர் வெளிய போற பக்கம் ஒரு கண்ணாடி வச்சு வந்த வழியே திருப்பி அனுப்புங்க, ஒரு சின்ன ஓட்டை வழியா போயி அதே ஓட்டைக்கு திரும்பி வரணும். கோணம் தப்பா இருந்தா ஒவ்வொரு கோடும் ரெண்டா பிளந்து நிக்கும், போறப்போ ஒரு பக்கம் நகந்ததும் வர்றப்போ எதிர் பக்கம் நகந்ததும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழற வரைக்கும் லேசரோட கோணத்த மெல்ல திருப்புங்க. எவ்வளவு திருப்புனாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தா ரெண்டு உச்சிக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான இடம்.

லேசர பத்தி எல்லாரும் நிறைய பேசுவாங்க, நான் சுருக்கமா சொல்றேன். சாதா பல்ஸ் டை லேசரோட அகலம் 0.1 அலை எண் (சென்டிமீட்டருக்கு 0.1 அலை), அதாவது 3 ஜிகாஹெர்ட்ஸ், பேண்ட் எங்க இருக்குன்னு தேட மட்டும் அது உதவும். பல்ஸ் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் 5 நானோசெகண்ட் பல்ஸுக்கு 90 மெகாஹெர்ட்ஸுக்கு கீழ போக இயற்கையே விடாது. அதுக்கு கீழ வேணும்னா ஒரே மோடுல விடாம எரியுற லேசர், 570 பக்கம் ரோடமின் 6ஜி போட்ட ரிங் டை லேசர் பழைய வழி, இப்போ டையோட், ஃபைபர் லேசர இரட்டிப்பாக்கியும் பண்றாங்க. லேசரோட அகலம் 1 மெகாஹெர்ட்ஸ் இருந்தா போதும், 10 மெகாஹெர்ட்ஸ் ஜெட்டுக்கு அதுக்கு மேல மெலிசான லேசர் தேடி அலையறது வீண். ஒண்ணு மட்டும் கவனிங்க, பவர் அதிகமா விட்டா கோடு தானா தடிக்கும். ஃபில்டர் போட்டு பவர பாதி பாதியா குறைச்சுக்கிட்டே வாங்க, எந்த இடத்துல அகலம் மாறாம நிக்குதோ அங்கேருந்து அளக்கணும்.

லேசர உறிஞ்சுன மாலிக்யூல் திருப்பி விடுற ஒளிர்வதான் சிக்னலா எடுக்குறோம், அத பிடிக்கிறதுல எதிரி சிக்னல் கம்மியா இருக்குறது இல்ல, சிதறுற லேசர் வெளிச்சம். லேசர் உள்ள வர்ற, வெளிய போற ரெண்டு பக்கமும் நீளமான குழாய், முனைல புரூஸ்டர் கோணத்துல (வெளிச்சம் பட்டு திரும்பாத கோணத்துல) ஜன்னல், குழாய்க்குள்ள நடுவுல ஓட்டை போட்ட கருப்பு தட்டுகள். அயோடின் வாங்குன அலைநீளத்த விட சிவப்பு பக்கம்தான் பெருசா ஒளிரும், அதனால போட்டோமல்டிப்ளையர் (மங்கலான வெளிச்சத்த அளக்குற குழாய்) முன்னாடி சிவப்ப மட்டும் விடுற ஃபில்டர் போட்டா லேசர் வெளிச்சம் நின்னு போயிடும். இன்னொண்ணு, அயோடின் ஒளிர ஏறக்குறைய ஒரு மைக்ரோசெகண்ட் எடுத்துக்கும், அதுக்குள்ள மாலிக்யூல் அரை மில்லிமீட்டருக்கு மேல ஓடிடும், லென்ஸ லேசர் கோட்டு மேல சரியா குறி வச்சா பாதி சிக்னல விட்டுடுவீங்க, ஜெட் போற திசைல கொஞ்சம் தள்ளி வைங்க.

ஸ்கேன் பண்றப்போ மூணு சேனல ஒரே நேரத்துல பதிய வைங்க: ஜெட் சிக்னல், எட்டலானோட (எதிரெதிரா வச்ச ரெண்டு கண்ணாடி, சம இடைவெளில கோடு போடும்) கோடுகள், ஒரு கண்ணாடி செல்லுல அயோடின். கண்ணாடி ரெண்டும் அரை மீட்டர் தள்ளி இருக்குற கான்ஃபோகல் எட்டலான் 150 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கோடு போடும், அது அளவுகோல், ஆனா அறை வெப்பம் மாறுனா அளவுகோலே நகரும். செல்லுல சாச்சுரேஷன் முறைல (எதிரெதிரா ரெண்டு கதிர் விட்டு டாப்ளர் தடிப்ப நீக்குற முறை) எடுத்த அயோடின் கோடு நகராது, அதுதான் மைல்கல்லு. ஜெட்ல இருக்குற சின்ன ஜே கோடு செல்லுல பலவீனமா இருக்கலாம், பரவால்ல, பக்கத்துல ஏதாவது ஒரு பலமான கோடு மைல்கல்லா இருந்தா போதும்.

முதல் ஸ்பெக்ட்ரம் வந்ததும் ஒரு சுழற்சி கோடுன்னு நீங்க நினைச்ச இடத்துல ஒரு கோட்டு கொத்தே நிக்கும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு அயோடின் அணுக்கருவுக்கும் சுழல் 5/2, அதனால ஒரு கோடு பலதா பிளக்குது. ஜே கொஞ்சம் பெருசா இருக்குற கோட்டுல ஜே இரட்டையா இருந்தா 15, ஒற்றையா இருந்தா 21 பிளவு எண்ணலாம், ஏறக்குறைய 1 ஜிகாஹெர்ட்ஸுக்குள்ள பரவி கிடக்கும். ரொம்ப சின்ன ஜேல இந்த கணக்கு குழம்பும், அங்க போய் எண்ணாதீங்க, 10க்கு மேல இருக்குற ஜேல எண்ணுங்க, 5 கெல்வின்லயும் அங்க சிக்னல் மிச்சம் இருக்கும். இந்த பிளவுகள் தனித்தனியா எண்ணுற மாதிரி பிரிஞ்சு நிக்குதுன்னா உங்க ஸ்கிம்மர், கோணம், பவர் மூணும் சரி.

வெப்பநிலைய அளக்க பி கிளைய (சுழற்சி எண் ஒண்ணு குறையுற கோடுகள) எடுங்க, ஆர் கிளை (ஒண்ணு கூடுற கோடுகள்) ஜே 3 பக்கமே திரும்பி மடிஞ்சு கோடு மேல கோடு ஏறிடும். ஒவ்வொரு கொத்தோட முழு பரப்ப எடுத்து ஜே ஆல வகுத்து, இரட்டை ஜேன்னா 15ஆலயும் ஒற்றைன்னா 21ஆலயும் வகுத்து, இயற்கை லாகரிதம் எடுத்து, ஜே பெருக்கல் ஜே கூட்டல் 1க்கு எதிரா வரைங்க. 15, 21 வகுக்க மறந்தா புள்ளிகள் ரம்பப்பல்லு மாதிரி ஏறி இறங்கும், ஏன்னா ஜெட்ல எவ்வளவு குளிர்ந்தாலும் இரட்டை ஒற்றையா மாறாது. வரைஞ்ச கோட்டோட சரிவு 0.01னு வந்தா 5.4 கெல்வின், 0.02ன்னா 2.7. புள்ளிகள் நேர்கோட்டுல வராம பெரிய ஜே பக்கம் மேல தூக்கி நின்னா அளவுல தப்புன்னு அர்த்தம் இல்ல, ஜெட்ல கடைசி நேரத்துல மோதல் நின்னு போறதால பெரிய ஜே முழுசா குளிராம மாட்டிக்குது, அப்போ சின்ன ஜேக்கு ஒரு வெப்பநிலை, பெரிய ஜேக்கு ஒண்ணுன்னு தனித்தனியா எழுதுங்க.

அயோடின முடிச்சுட்டு நாஃப்தலீன் மாதிரி திடப்பொருளுக்கு போறவங்க சாம்பிள் டப்பாவ விட நாசில் முனை எப்பவும் 10, 20 டிகிரி சூடா இருக்குற மாதிரி தனி ஹீட்டர் போடுங்க, இல்லன்னா ஓட்டைலயே படிஞ்சு அடைச்சுக்கும், ஆரம்பத்துல சிக்னல் மெல்ல மெல்ல இறங்கறத பாத்து லேசர் போச்சுன்னு நினைப்பீங்க.

நிறுத்துறப்போ அவசரப்படாதீங்க. முதல்ல அயோடின் டப்பாவோட வால்வ மூடி, ஆர்கான மட்டும் அரை மணி நேரம் ஓட விடுங்க, குழாய்ல ஒட்டி இருக்குற அயோடின் வெளிய போகட்டும், அது மிச்சம் இருந்தா பித்தளை, அலுமினியம் எல்லாத்தையும் அரிக்கும், அதனால அந்த வழில கண்ணாடியும் டெஃப்லானும்தான் போடணும். அப்புறம் ஆர்கான மூடி, சேம்பர் அழுத்தம் இறங்கற வரைக்கும் பொறுத்து, டர்போவ நிறுத்தி, அது முழுசா நின்னதுக்கு அப்புறம் பின்னாடி இருக்குற பம்ப்ப நிறுத்துங்க. பம்ப்புக்கு முன்னாடி லிக்விட் நைட்ரஜன் ட்ராப் வச்சிருந்தா அது சூடேறறப்போ உள்ள பிடிச்ச அயோடின் மொத்தமும் ஆவியா கிளம்பும், ட்ராப்ப ஃப்யூம் ஹூட்டுக்குள்ள கொண்டு போய் வச்சு அங்கேயே சூடேற விடுங்க.